புல் இல்லாத மைதானத்துக்கு என்ன விலை?

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒகஸ்டா என்றொரு நகரம். அங்கே 365 ஏக்கர் காணியில் ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. கையில் காசு இருக்கிறது என்பதற்காக ஒருவரும் உள்ளே போய் விளையாட முடியாது. அங்கத்தவராகச் சேர விண்ணப்பப் படிவம் கூடக் கிடையாது. அவர்களாகக் கூப்பிட்டால்தான் உண்டு. 2012ஆம் ஆண்டு வரை பெண் ஒருவரையும் அங்கத்தவராகச் சேர்க்காமல் இருந்த கழகம் அது. அப்பேர்ப்பட்ட மைதானத்தில் 2011 மார்ச் மாதம் முதல், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் தன் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தபடி விளையாடலாம் என்றாகிவிட்டது. கணனி விளையாட்டாக அதைக் கடைகளில் விற்கத் தொடங்கினார்கள்.

காணியை விற்கவில்லை, குத்தகைக்குக் கொடுக்கவில்லை, வாசலையும் திறந்துவிடவில்லை. அப்படியிருக்க எதை விற்றார்கள்? யார் எதற்குக் காசு வாங்கினார்கள்? இது விளையாட்டுப் பக்கத்தில் வர வேண்டிய சங்கதியாயிற்றே, வர்த்தகப் பக்கத்தில் எதற்கு என்று கேட்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். நமது வவுனியாவிலேயே ஒரு பெடியன் இந்தத் தொழிலில் கை வைத்திருக்கிறான். அவன் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதையெல்லாம் தேடிப் பார்க்க வைத்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோல்ப் நமக்குப் பழக்கமில்லாதது. நம் நாட்டில் மைதானங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கொழும்புக் கழகம் 1879இல் தொடங்கிக் காலிமுகத்திடலில் ஆடி, 1896இல் பொரளைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நுவரெலியாவில் 1889 முதல் இருக்கிறது. திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக உள்ளது 1999இல் திறக்கப்பட்டது. அம்பாந்தோட்டையில் ஒன்று, திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையினரின் மைதானம் ஒன்று. பொரளை மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதை போகிறது. அவிசாவளைப் பக்கம் போனவர்கள் ஜன்னலால் அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்திருப்பீர்கள். நமது நாட்டின் தங்கராஜா இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிப் பட்டங்கள் வென்றவர். பணக்கார ஆட்டம் என்று நாம் ஒதுக்கி வைத்தாலும், அதில் நம்மவர் பெயரும் இருக்கத்தான் செய்கிறது.

வியாபாரிக்கு இதில் விளங்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் இடையே 22 யார். அது லோர்ட்ஸிலும் 22 யார்தான், நமது பள்ளிக்கூட மைதானத்திலும் 22 யார்தான். ஆகவே கிரிக்கெட்டைக் கணனியில் செய்பவன் மைதானத்தை ஏனோதானோ என்று வரைந்தாலும் ஆட்டம் நடக்கும். கோல்ப் அப்படியில்லை. பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் தூரம் வேறு, ஏற்ற இறக்கம் வேறு, தண்ணீரும் மணற்குழியும் மரமும் நிற்கும் இடம் வேறு. உலகத்தில் ஒரு மைதானம் போல இன்னொன்று கிடையாது. ஆட்டமே அந்த நிலத்தின் வடிவம்தான். ஆகவே கணனியில் கோல்ப் விற்பவன் உண்மையில் நிலத்தின் சாயலைத்தான் விற்கிறான். பேர் பெற்ற மைதானம் இல்லாவிட்டால் அவனுடைய சரக்கு அலுமாரியிலேயே தங்கிவிடும்.

ஒகஸ்டாக் காணி ஒரு காலத்தில் பழமரக் கன்றும் பூச்செடியும் வளர்த்து விற்ற நாற்றுமேடை. இன்றைக்கும் அங்கே ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர்தான். பொபி ஜோன்ஸ் என்ற பெயர்போன ஆட்டக்காரரும் கிளிபர்ட் ரொபர்ட்ஸ் என்ற நிதித்துறைக்காரரும் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் அதை வாங்கி மைதானம் ஆக்கினார்கள். அதை வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்ஸி. படித்தது வைத்தியம், பிழைத்தது மைதானம் வரைந்து. உலகமே பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த நேரம் அது. கழகத்தின் கையில் காசு இல்லை. மெக்கன்ஸிக்குப் பேசிய கூலியைக் குறைத்தார்கள். குறைத்ததையும் முழுதாகக் கொடுக்கவில்லை. அவர் 1934 ஜனவரியில் இறந்துபோனார். முதலாவது போட்டி நடந்தது அதே ஆண்டு மார்ச்சில். இன்று கோடிக்கணக்கான பேர் பார்க்கும் அந்த மைதானத்தில், வரைந்த மனிதர் ஒரு போட்டி கூடக் கண்ணால் காணவில்லை, கூலியும் கைக்கு முழுதாக வரவில்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் கழகம் செழித்தது. ஆனால் அவர்கள் தங்கள் பெயரை விற்கும் விதம் நமது கண்ணுக்குப் புதிராக இருக்கும். போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டும்போது மணித்தியாலத்துக்கு நாலு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். போட்டி பார்க்க வருபவர்களுக்கு உள்ளே சான்ட்விச் ஒன்றரை டொலருக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான விளையாட்டு அரங்குகளில் அந்த விலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கிடைப்பதும் அரிது. கழகத்தின் சின்னம் போட்ட தொப்பியும் சட்டையும் வேண்டுமானால் போட்டி வாரத்தில் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. கண்ட கடையிலும் தொங்கவிட மாட்டார்கள். வரக்கூடிய வருமானத்தை வேண்டாம் என்று ஒதுக்கி ஒதுக்கியே பெயரின் மதிப்பைக் கூட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

இப்படிப் பெயரைப் பொத்திப் பொத்தி வைத்தவர்களிடம் முதலில் அனுமதி வாங்கியவர்கள் ஜப்பான்காரர்கள். டி அண்ட் ஈ சொப்ட் என்ற நிறுவனம் 1989இல் ஒகஸ்டாவைக் கணனி விளையாட்டாக வெளியிட்டது. அக்காலத்துக் கணனியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். மரம் என்றால் பச்சைப் புள்ளிகளின் ஒரு கூட்டம். அமெரிக்காவில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் டைகர் வூட்ஸின் பெயரில் வருடாவருடம் கோல்ப் விளையாட்டு வெளியிட்டு வந்தும், சொந்த நாட்டின் அந்த மைதானம் அதில் இல்லாமலே இருந்தது. 2011இல்தான் கழகம் சம்மதித்தது. அந்த ஆண்டு அமெரிக்கப் பதிப்பின் மேலட்டையில் டைகர் வூட்ஸின் படம் இல்லை. ஒகஸ்டாப் போட்டியின் மஞ்சள் கொடிதான் இருந்தது. ஆளை விட இடத்தின் பெயருக்கு விலை கூடிவிட்டது என்று அதை வாசித்துக்கொள்ளலாம். தனக்கு வரும் பங்கு முழுவதையும் கழகம், கோல்பை வளர்ப்பதற்காகத் தொடங்கிய ஒரு அறக்கட்டளைக்குப் போகும்படி செய்தது. காசுக்காகப் பெயரைக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் பேச முடியாதபடி செய்த ஏற்பாடு. கெட்டிக்காரர்கள்.

நிலத்தை எப்படிப் பெட்டிக்குள் கொண்டுபோனார்கள்? லேசர் அளவைக் கருவிகளைக் கொண்டுபோய் மைதானம் முழுவதையும் அளந்தார்கள். நமது நில அளவையாளர் முக்காலியை நட்டு மட்டம் பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அவர் ஒரு நாளில் சில நூறு புள்ளிகள் எடுத்தால் பெரிய காரியம். லேசர் கருவி ஒளியை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுத்துவிடும். அந்தப் புள்ளிகளைக் கோர்த்தால் நிலத்தின் மேடு பள்ளம் அச்சொட்டாக வந்துவிடுகிறது. ஒகஸ்டாவுக்கு இது மிகவும் அவசியமாக இருந்தது. ஏனென்றால் தொலைக்காட்சி அந்த நிலத்தைத் தட்டையாகக் காட்டுகிறது. பத்தாவது குழியில் அடிக்கும் இடத்துக்கும் குழி இருக்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 மீற்றர் இறக்கம். ஒன்பது, பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. வருடக்கணக்காகத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அது தெரியாது. நேரே போனவர்களுக்குத்தான் தெரியும். அளந்து செய்த பிறகு திரையில் ஆடியவனுக்கும் தெரிந்தது.

ஒரு சுவையான கதையும் இதில் உண்டு. பதினேழாவது குழியில் ஒரு பெரிய பைன் மரம் நின்றது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் அந்தக் கழகத்தின் அங்கத்தவர். அவர் அடிக்கிற பந்து அடிக்கடி அந்த மரத்தில் போய் முட்டும். 1956இல் கழகத்தின் கூட்டத்தில் எழும்பி அந்த மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று பிரேரித்தார். தலைமை தாங்கிய ரொபர்ட்ஸ் கூட்டத்தையே அத்தோடு முடித்துவிட்டார். ஜனாதிபதியால் வெட்ட முடியாத மரத்தை 2014 பெப்ரவரியில் ஒரு பனிப்புயல் முடித்து வைத்தது. ஆனால் 2011இல் வாங்கிய விளையாட்டில் மரம் இன்றும் அப்படியே நிற்கிறது. 2013இல் வந்த பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், 1934இல் மைதானம் எப்படி இருந்ததோ அப்படியும் ஒன்றைச் செய்து சேர்த்தார்கள். இல்லாமல் போன ஒரு நிலத்தைச் செய்து விற்றார்கள் என்று பாருங்கள்!

பிறகு வந்தது இடைவெளி. 2015இல் வந்த அடுத்த விளையாட்டில் ஒகஸ்டா இல்லை. 2023 ஏப்ரலில்தான் மீண்டும் வந்தது. இந்த எட்டு வருடத்தில் நடந்ததுதான் என்னைப் போன்ற கடைக்காரனுக்குப் பாடமாகத் தெரிகிறது.

கனடாவில் லூனன்பேர்க் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் எச்.பி. ஸ்டூடியோஸ் என்றொரு சிறிய நிறுவனம். அவர்களிடம் பேர் பெற்ற மைதானம் ஒன்றும் இல்லை. வாங்கப் பணமும் இருந்திருக்காது. 2014இல் அவர்கள் வெளியிட்ட விளையாட்டில் மைதானம் வரையும் கருவியையே ஆடுபவனின் கையில் கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் ஆயிரக்கணக்கான மைதானங்களை வரைந்து குவித்தார்கள். கூலி இல்லை. கிடைக்காத ஒகஸ்டாவையும் வரைந்தார்கள், பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்தார்கள். நமது பக்கத்தில் கொழும்பின் பேர்போன புரியாணிக் கடையின் பெயரில் ஒரு எழுத்தைத் திருகி ஊரூராகப் பலகை தொங்குகிறதே, அந்தக் கணக்குத்தான். விளையாட்டு நன்றாக ஓடியது. 2021இல் டூகே என்ற பெரிய நிறுவனம் அந்தச் சிறிய நிறுவனத்தை அப்படியே வாங்கிவிட்டது. வரைந்த ரசிகர்களுக்குப் பங்கு ஒன்றும் வரவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை, ஆசைக்குச் செய்தவர்கள். ஆனாலும் அந்தக் கடையின் அலுமாரியை நிரப்பியது அவர்கள் கைதான்.

இன்னுமொரு வேடிக்கை. 1990களில் கணனி கோல்ப் என்றால் அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரத்து அக்சஸ் சொப்ட்வெயார் செய்த லிங்ஸ் என்ற விளையாட்டுத்தான். ஆட்டத்தை ஒருமுறை விற்பார்கள். பிறகு பெபிள் பீச், பைன்ஹேர்ஸ்ட் என்று ஒவ்வொரு மைதானத்தையும் தனித்தனி டிஸ்கெட்டில் விற்பார்கள். பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் பிடிப்பது போல. 1999இல் மைக்ரோசொப்ட் அதை வாங்கியது. 2004இல் டேக்-டூ நிறுவனத்துக்குக் கைமாறியது. 2006இல் டேக்-டூ அதை இழுத்து மூடியது. 2021இல் கனடாக்காரரை வாங்கிய டூகே யாருடையது தெரியுமா? அதே டேக்-டூவின் கிளைதான். கோல்ப் கடை ஒன்றை மூடிப் பதினைந்து வருடத்தில் இன்னொரு கோல்ப் கடையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இனி வவுனியாவுக்கு வருகிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் நமது ஊரில் கணனி வியாபாரம் சூடு பிடித்தது. நூறு ரூபாவுக்குக் கள்ள சீடி கிடைத்த காலம். விளையாட்டு ஒன்றைச் செய்பவனுக்கும் வயிறு இருக்கிறது என்று அப்போது ஒருவரும் யோசித்ததில்லை. இப்போது நமது பிள்ளைகளே செய்பவர்கள் பக்கம் போய் நிற்கிறார்கள். பண்டாரிகுளம் பக்கத்துப் பெடியன் ஒருவன் எனது கடையில் சாமான் வாங்குபவன். பம்பைமடுவில், இப்போது வவுனியாப் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தில் படித்தவன். வெளிநாட்டில் கோல்ப் பழகும் திரை யந்திரங்களுக்கு மைதானம் செய்து கொடுக்கும் வேலையைப் பிடித்திருக்கிறான்.

அந்தத் திரை யந்திரம் என்பது தனி வியாபாரம். தென்கொரியாவில் காணிக்கும் கட்டணத்துக்கும் நெருப்பு விலை, மாரியில் பனி. 2000ஆம் ஆண்டு தொடங்கிய கோல்ப்சோன் என்ற நிறுவனம் கடை அறைக்குள் திரையைத் தொங்கவிட்டு, உண்மையான பந்தை உண்மையான தடியால் அடிக்க வைத்தது. பந்து போகும் வேகத்தையும் திசையையும் கருவி அளந்து, திரையில் உள்ள மைதானத்தில் அது எங்கே விழுந்திருக்கும் என்று காட்டும். கடைக்காரர் யந்திரத்தை வாங்க வேண்டும். அதன் பிறகு ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பனிக்கு ஒரு சிறு கட்டணம் போய்க்கொண்டிருக்கும். இன்று அங்கே தெருவுக்குத் தெரு இந்தக் கடைதான். யந்திரம் பெருகப் பெருக மைதானம் வரைபவருக்கும் வேலை பெருகுகிறது.

பெடியன் தன் வேலையை எனக்குக் காட்டினான். “நானா, நிலம் சும்மா கிடைக்குது. மரம்தான் உயிரை எடுக்குது” என்றான். உண்மைதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் விமானத்தில் லேசரை வைத்து அளந்த தரவுகளை உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கிறது. இங்கிலாந்திலும் 2015 முதல் இலவசம். நமது நாட்டில் என்றால் நில அளவைத் திணைக்களத்திடம் கேட்டு, கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும். அவன் தரவை இறக்கி, அதன்மேல் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் போர்த்தி, புல் வெட்டிய எல்லை, மணற்குழி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கோடு போடுகிறான். பிறகு மரம் நட வேண்டும். ஒரு மைதானத்துக்கு ஏறத்தாழ ஆறாயிரம் மரம் நட்டதாகச் சொன்னான். இனம் பிழைத்தால், உயரம் பிழைத்தால், அங்கே ஆடிப் பழகியவன் உடனே குறை சொல்வானாம். கை பழகுவதற்காக வவுனியாக் குளத்தின் கட்டையும் ஒருமுறை செய்து வைத்திருந்தான். திரையில் அதைப் பார்த்ததும் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டின் வளைவு அச்சொட்டாக இருந்தது.

எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து 300 டொலர். எவ்வளவு நேரம் ஆயிற்று? 190 மணித்தியாலம் என்றான். கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 90,000 ரூபா. நாளைக்கு எட்டு மணித்தியாலப்படி 24 நாள் வேலை. கரண்டு, இன்டர்நெட், வங்கிக் கமிஷன் எல்லாவற்றுக்கும் 12,000 கழித்தால் மிச்சம் 78,000. நாளொன்றுக்கு 3,250 ரூபா. நமதூரில் ஒரு மேசன் பாஸுக்கு இதைவிடக் கூடக் கொடுக்கிறோம்; அவருக்கு இரண்டு நேரத் தேநீரும் உண்டு. கணனிக்குப் போட்ட இரண்டரை இலட்சம் முதல் இந்தக் கணக்கில் சேரவேயில்லை. மேசன் பாஸின் கரண்டிக்கு அந்த விலை இல்லையே. பெடியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். டொலரில் வருகிறது என்ற சந்தோசத்தில் அவன் மணித்தியாலத்தைக் கணக்கிட்டிருக்கவில்லை.

அவன் என்னிடம் வந்தது அதற்காக அல்ல. வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். செய்த மைதானம் அமெரிக்காவில் பேர்போன ஒன்று. அந்தக் கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் கொடியிலும் பலகையிலும் போட்டுத் தர வேண்டுமாம். “போட்டால் என்ன நானா, எல்லாரும் போடுறாங்கள் தானே?” இதுதான் அவனுடைய கேள்வி.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் 1992இல் டுவர் 18 என்று ஒரு மைதானம் திறந்தார்கள். கணனியில் இல்லை, உண்மையான காணியில். நாட்டின் பேர்போன மைதானங்களிலிருந்து குழிக்கு ஒன்றாகப் பொறுக்கியெடுத்து அப்படியே பிரதி செய்தார்கள். பெபிள் பீச்சின் 14ஆவது, பைன்ஹேர்ஸ்டின் மூன்றாவது, ஹாபர் டவுனின் 18ஆவது. பெயரைப் போட்டே விளம்பரமும் செய்தார்கள். மூன்று மைதானக்காரரும் வழக்குப் போட்டார்கள். 1996இல் தீர்ப்பு வந்தது, 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பின் சாரம் நமக்கு நன்றாக விளங்கக்கூடியது. நிலத்தின் மேடு பள்ளத்தைப் பிரதி பண்ணியதற்காகக் குழிகளை மூடச் சொல்லவில்லை. பிறருடைய பெயரைத் தன் சரக்கின் பெயர் போலக் காட்டி விளம்பரம் செய்தது பிழை என்றது. ஹாபர் டவுனின் 18ஆவது குழிக்குப் பின்னால் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு வெளிச்சவீடு நிற்கும். டெக்சாஸ்காரர் கடலே இல்லாத இடத்தில் அதையும் கட்டியிருந்தார்கள். அதைக் கழற்றச் சொன்னது. அந்த வெளிச்சவீட்டைக் கண்டாலே ஹாபர் டவுன் என்றுதான் சனத்துக்கு நினைவு வரும். ஆகவே அது அந்த மைதானத்தின் அடையாளம்.

தேயிலை வியாபாரம் செய்யும் வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமது தேயிலைப் பொதியில் உள்ள சிங்கச் சின்னம் தேயிலைச் சபைக்குச் சொந்தம். நூறு வீதம் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்றால்தான் அதைப் போடலாம். அதே கறுவா, அதே பட்டை, ஆனால் “சிலோன் சினமன்” என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புக் கொடுத்த பிறகு அந்தப் பெயரைக் கண்டவரும் போட முடியாது. நமது நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வர்த்தகச் சின்னத்தைப் பதிந்தால் பத்து வருடத்துக்குப் பாதுகாப்பு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். கணனியில் எழுதிய நிரலுக்கும் வரைந்த படத்துக்கும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. பெடியன் நட்ட ஆறாயிரம் மரத்துக்கும் உரிமையாளன் யார் என்பது அவன் கைச்சாத்திடும் கடதாசியைப் பொறுத்தது. அவனிடம் கடதாசியே இருக்கவில்லை.

பெயரும் சின்னமும் கையில் பிடிபடாத பொருளாயிற்றே, அதற்கு ஹக்கு உண்டா என்று நம்மவர்களில் இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியின் ஐந்தாவது அமர்வு இதை எடுத்துப் பேசி, வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை உரியவருக்குச் சொந்தமான உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. பெயர்ப் பலகையில் ஒரு எழுத்தைத் திருகுபவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெடியனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். நிலம் ஊருக்குப் பொது, அதை அளந்தவர்களே இலவசமாகத் தந்திருக்கிறார்கள், எடுத்துக்கொள். மரமும் கோடும் உன்னுடைய உழைப்பு, அதற்குத்தான் நீ கூலி கேட்கிறாய். பெயரும் சின்னமும் உன்னுடையதும் இல்லை, வேலை தந்தவருடையதும் இல்லை. அவரிடம் கழகத்தின் அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் பிரதியை அனுப்பச் சொல். இருந்தால் போட்டுக் கொடு.

கடிதம் வரவில்லை. சின்னம் இல்லாமலே வேலையை ஒப்படைத்தான். 300 டொலரில் 240 வந்தது. மிச்சம் 60 பிறகு பார்க்கலாம் என்று சொன்னவர் அதன் பிறகு பதில் எழுதவில்லை. மெக்கன்ஸியின் கதையை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான், ஆனால் அது சந்தோசச் சிரிப்பு இல்லை.

போன மாதம் வேறொருவர், ஒரு சிறிய கழகத்தின் சொந்தக்காரரே, தன்னுடைய ஒன்பது குழி மைதானத்தைச் செய்து தரச் சொல்லி எழுதியிருக்கிறார். பேர் பெற்ற இடம் இல்லை. ஆனால் பெயருக்குரியவரே கேட்கிறார். எனது கடையில் இருந்துதான் விலைமனு எழுதினோம். ஒன்பது குழிக்கு 400 டொலர், பாதி முற்பணம், மரங்களின் பட்டியல் வேலை தொடங்க முன்னமே முடிவாக வேண்டும், திருத்தம் இரண்டு தடவைதான், அதற்கு மேல் மணித்தியாலக் கணக்கு. செய்தவர் பெயர் விளையாட்டின் முகப்பில் வர வேண்டும் என்பதையும் பெடியன் தானாகவே சேர்த்துக்கொண்டான். மரத்துக்கு மரம் தனி விலை போட்டால் என்ன என்று கேட்டேன். “அது கூடிப் போகும் நானா” என்று தடுத்துவிட்டான். 200 டொலர் முற்பணம் வந்துவிட்டது. முதல் மூன்று குழிக்குக் கோடு போட்டு முடித்து, இப்போது அந்த ஊர் ஓக் மரத்தின் இலை எப்படி இருக்கும் என்று படம் தேடிக்கொண்டிருக்கிறான்.